வேற்றுக் கிரகத்து மாப்பிள்ளை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மழை. நேற்றும் மழை. பெட்டியைத் திறந்தால் பச்சைப் பட்டில் பூசணம். வெயிலில் போடலாமென்றால் வெயில் எங்கே.

காலையில் வாழைத் தூரில் நத்தை பொறுக்கினேன். ஒவ்வொன்றும் என் கைப்பிடி அளவு. ஜப்பான்காரன் சண்டையின்போது இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து விட்டுப் போனதாம். உப்புப் போட்டால் நுரை தள்ளிச் சாகிறது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியும் கையில் வழவழப்பு. மத்தியானம் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்குக் கப்பலில் வந்த வெங்காயம் பாதி அழுகல்.

சாயங்காலம் அண்ணன் ஒரு செய்தியோடு வந்தார். சுதந்திர தினத்துக்கு மறுநாள் நம்மாட்கள் சங்கத்தில் பட்டிமன்றம். சந்திரனில் ஆள் இறங்கியதிலிருந்து ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால் தலைப்பும் அதற்கேற்ப: வேற்றுக் கிரகத்தில் அறிவுள்ள உயிர் இருந்தால் மனிதனைப் போலவே இருக்குமா, இருக்காதா? நடுவர், எங்கள் பள்ளித் தலைமையாசிரியர். (இனி த.ஆ. முழுசாக எழுதுமளவு மரியாதை மிச்சமில்லை.) என்னை 'இருக்காது' கட்சியில் போட்டிருக்கிறார்கள். 'இருக்கும்' கட்சியில் தனபால் என்று ஒருவர்.

யார் தனபால் என்றேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அடுப்பைப் பார்த்தாள். அண்ணனே சொன்னார்:

"ரோடு காண்ட்ராக்டர் மவன். போர்ட் பிளேர்ல சொந்த வீடு. அவுக அம்மா முன்வரிசைல உக்காந்து ஒன்னப் பாப்பாவ. வீட்டுக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி தின்னுட்டுப் பாக்கதுக்கு இது நாகரிகம்லா?"

ஆக, பெண் பார்க்கிற படலம். மேடையில். மைக் வைத்து.

ஆக. 5, செவ்வாய்

ஃபெர்ரியில் ஒரு பெங்காலி அம்மாள் என் செருப்பின் மேல் வாந்தி. பள்ளிக்கூடம் போய்க் கழுவினேன்.

பிள்ளைகளிடம் வேற்றுக் கிரகத்து ஆளை வரையச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் இரண்டு கண், ஒரு மூக்கு, மீசை. ஒருத்தி சேலை கட்டிவிட்டிருக்கிறாள். ஒருவன் தொப்பி போட்டுவிட்டு, கீழே இந்தியில் 'சாப்', அதாவது துரை, என்று எழுதியிருக்கிறான்.

பேச்சுக்குக் குறிப்பு:

— நாலு கைகால் ஏன்? கடலிலிருந்து முதலில் ஏறி வந்ததற்கு நாலு துடுப்பு இருந்தது, அவ்வளவுதான். ஆறு இருந்திருந்தால் ஆறு. வளையல் செலவு கூடியிருக்கும்.

— முகம். போகிற இடத்துக்கெல்லாம் வாய் முதலில் போய்ச் சேரவேண்டும் என்பதைத் தவிர இதில் என்ன அழகு?

— சளி, பீளை, வேர்வை, அக்குள், ஏப்பம். அண்டம் முழுக்க இதையா காப்பி அடித்துக்கொண்டிருக்கும்?

கடைசியை அடித்துவிடவேண்டும். மாப்பிள்ளையின் அம்மா முன்வரிசை.

ஆக. 8, வெள்ளி

மழை விட்டுப் புழுக்கம். பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் மீன் விற்கிற ஆரோக்கியத்தின் அலுமினியக் குண்டானில் ஒரு பேய்க்கணவாய். எட்டுக் கை. ஒரு கை விளிம்பைத் தடவியது, இன்னொன்று மூடியைத் தூக்கியது, மிச்சமெல்லாம் பின்னாலேயே ஒழுகி வந்தன. எலும்பென்று ஒன்று கிடையாது. எனக்குக் குமட்டியது. ஆரோக்கியம் பிய்த்து உள்ளே போட்டு மூடிமேல் கல் வைத்தாள். அது கல் இல்லாத பக்கமாகத் தூக்கியது.

"ஒங்களுக்கும் புடிக்கல்லல்லா டீச்சர்? மத்த மீனு சும்மா முழிச்சிட்டுக் கெடக்கும். இது நம்மளப் பாக்குது. அதான் எனக்கு ஆவாது."

சொல்லிவிட்டு எடுத்துக் கல்லில் அடித்தாள். நாலைந்து அடி. எனக்கு நல்ல பாயிண்ட் கிடைத்தது: அறிவு இருக்கிறது, மூக்கு இல்லை, தோள் இல்லை, ஜாதகம் இல்லை. எழுதும்போதே மறுபடி குமட்டல். பார்க்கவே சகிக்காத ஒன்று நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக வந்து இறங்கினால் முதல் காரியமாக உப்பைத்தான் தேடுவோம். நானும்தான்.

ஆக. 10, ஞாயிறு

பட்டுக்குப் பவுடர் போட்டு மடித்தாயிற்று. பூசண வாசனையும் பவுடர் வாசனையும் சேர்ந்து இப்போது மூன்றாவது ஒரு வாசனை.

த.ஆ. நேற்றே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டார். எனக்குப் படித்தும் காட்டினார். "உருவம் எதுவாயினும் உள்ளம் மனித உள்ளமாகவே இருக்கும்." இரண்டு கட்சிக்கும் நோகாமல், கைதட்டலுக்கு இடம் விட்டு. அப்புறம் எதற்கு நாங்கள் பேசவேண்டும் என்றேன். "பேசினாதானம்மா தீர்ப்பு சொல்ல முடியும்" என்றார்.

அண்ணன் வேறு. "அவர் பேசினப்பொறம் நீ பேசுத. ரொம்ப மடக்கிராத. லேசா தோத்துக்கோ." அண்ணன் நல்லவர். ஊரிலிருந்து என்னைக் கூட்டி வந்து வேலை வாங்கித் தந்தவர். தாலி ஏறாத என் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப் போகிறது. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலும் வருகிறது, அழுகையும் வருகிறது. ஆள் சுமாராக இருந்தால் சரி சொல்லிவிடலாம் என்றுதான் இன்றுவரை நினைப்பு.

ஆக. 17, ஞாயிறு காலை

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தகரக் கொட்டகை. மழைச் சத்தத்தில் வணக்கம் சொன்னதே பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. தனபால் பார்க்க லட்சணம்தான். தேய்த்த பேண்ட், படிய வாரின தலை, மல்லிகை செண்ட். என்னைப் பார்த்துக் கண்ணியமாக ஒரு கும்பிடு. அண்ணன் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பேச எழுந்தான். (எழுந்திருக்கும்வரை 'ர்' போட்டுத்தான் நினைத்திருந்தேன்.) "அறிவு என்று ஒன்று வந்துவிட்டால் மனித உருவம் தானாக வந்துவிடும், நடுவர் அவர்களே!" கைதட்டல். பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு கூடையை எடுத்தான். பிரம்புக் கூடை, சின்னது.

"எங்க ரோடு வேலை நடக்கிற காட்டுக்குள்ள ஒரு குடிசை. எங்க சத்தம் கேட்டு அதுல இருந்த ஜங்கிலி எல்லாம் ஓடிட்டான். அடுப்பில நெருப்பு அப்படியே இருக்கு. அங்க எடுத்தது இது. இதைப் பின்னினவனுக்கும் நம்மள மாதிரி ரெண்டு கண்ணு, ரெண்டு காலு. ஆனா அறிவு? துணி கட்டத் தெரியாதுங்க!"

கொட்டகை அதிரச் சிரிப்பு. உருவம் இருந்தும் அறிவில்லை என்றால் உருவத்துக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்? அவன் கட்சியே அங்கே விழுந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. கூடையைத் தொப்பி மாதிரி த.ஆ. தலையில் கவிழ்த்தான். த.ஆ. இளித்தார். முன்வரிசையில் அவன் அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அண்ணனும் சிரித்தார்.

அப்புறம் கூடை என் பக்கம் வந்தது. அடியில் தேன் பிசுபிசுப்பு, இன்னும் காயவில்லை. விளிம்பில் பிரிந்துபோன இடத்தை யாரோ வேறு நாரால் இழுத்துக் கட்டியிருந்தார்கள், அண்ணி முறத்துக்குப் போடுகிற மாதிரி. அருவருப்பு. கூடைமேல் அல்ல, சிரித்தவர்கள்மேல். பேய்க்கணவாயிடம் வந்தது இதற்குமுன் ஒன்றுமேயில்லை.

என் குறிப்பை எடுக்கவே இல்லை. சொன்னது இதுதான், ஏறக்குறைய:

"நடுவர் அவர்களே, நான் கட்சி மாறுகிறேன். வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிறவன் அச்சு அசல் மனிதனைப் போலவே இருப்பான். பேண்ட் போட்டிருப்பான். தலை வாரியிருப்பான். ஆள் இல்லாத வீட்டுக்குள் நுழைவான், அடுப்பில் நெருப்பு இருக்கும்போதே. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் காட்டிச் சிரிப்பான். அவன் எப்படி இருப்பான் என்று நாம் ஏன் தலையை உடைத்துக்கொள்ளவேண்டும்? அந்தக் குடிசைக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் பார்த்துவிட்டார்கள். ஐயா தனபால் அவர்களை அவர்கள் பார்த்துவிட்டார்கள்."

உட்கார்ந்தேன். இனி என்ன, ரகளைதான் என்று நினைத்தேன்.

கைதட்டல்! மழையை மீறிக் கைதட்டல். த.ஆ. எழுதி வைத்த தீர்ப்பை மடித்துப் பைக்குள் போட்டார். "எதிரணியே மனமுவந்து ஒப்புக்கொண்ட பிறகு நடுவருக்கு என்ன வேலை? மனிதனைப் போலவே இருக்கும்!" தனபால் கட்சிக்கு மாலை. அவன் அம்மா மேடையேறி வந்து என் தாடையைப் பிடித்தாள்.

"என்னமா அடிச்சுப் பேசுது புள்ள! கடைசில பாரு, எம் மவனுக்குன்னு விட்டுக்குடுத்துருச்சு. இதாங்க குடும்பப் பொண்ணு."

கூட்டத்தில் யாரோ இந்தியில்: "பஸ், பாத் பக்கா!" சம்பந்தம் முடிவாகிவிட்டதாம்.

ஃபெர்ரியில் அண்ணன் எனக்கு மட்டும் குடை பிடித்தார். தான் நனைந்தார்.

ஆக. 18, திங்கள்

அண்ணனிடம் சொன்னேன்: நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவனைத் திருடன் என்றேன்.

"பட்டிமன்றத்துல ஆயிரம் பேசுவாவ. அதப் போயி மனசுல வச்சிக்கிட்டு." புதன்கிழமை வளர்பிறை, நாள் நல்லாயிருக்கிறதாம். பள்ளியில் எல்லாரும் இனிப்பு கேட்கிறார்கள். த.ஆ. "என் நடுவர் ராசி" என்கிறார். அந்தத் தலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கூடை எங்கே என்று விசாரித்தேன். சங்கத்தில் குடை வைத்திருக்கிறார்கள் அதில்.

ஆக. 20, புதன்

வந்தார்கள். அம்மாவும் மகனும் சித்தப்பா ஒருவரும். தட்டு நிறைய வெற்றிலை, பழம், பூ. அவன் அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். மேடையிலேயே சம்மதம் சொன்ன பெண் எங்கள் வம்சத்திலேயே இல்லை என்றாள். கல்யாணத்துக்கப்புறம் வேலை வேண்டாம், ஃபெர்ரியில் தினம் அலைந்தால் கறுத்துப்போவாள் என்றாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நான் சொன்னேன், மரியாதையாகவே. "அம்மா, நான் சம்மதம் சொல்லலை. ஒங்க மகன் செஞ்சது அசிங்கம்னுதான் சொன்னேன்."

அம்மா சிரித்தாள். "அட, இன்னும் போட்டி முடியலையா?" சித்தப்பாவும் சிரித்தார். தனபால் சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"எனக்கு அன்னைக்கே புரிஞ்சிருச்சும்மா," என்றான். "அவங்க என்னைத்தான் சொன்னாங்க."

ஒரு நிமிடம் எனக்கு அவன்மேல் ஏதோ ஒன்று. மரியாதை என்றே வைத்துக்கொள்கிறேன். அதை வளரவிடாமல் அவனே மிச்சத்தையும் பேசினான்.

"அதனால என்ன? சோடோ, விடுங்க. ஜங்கிலிக்காக யாராச்சும் நல்ல எடத்த விடுவாங்களா? கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்."

புரிந்திருக்கிறது. புரிந்தும் வந்திருக்கிறான். பழத்தட்டோடு. புரியாத அவன் அம்மா இவனுக்கு எவ்வளவோ மேல்.

அவன் அம்மா தட்டை நீட்டினாள். அண்ணன் கை பாதி தூரம் போய்விட்டது. அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் பேச்சு முடிந்துபோகும். நடுவில் புகுந்து நான் வாங்கினேன். வாங்கி, திரும்ப அவள் மடியிலேயே வைத்தேன். வெற்றிலை சரிந்து விழுந்தது. யாரும் பொறுக்கவில்லை.

போய்விட்டார்கள். அண்ணி விழுந்ததைப் பெருக்கினாள், என்னைத் திட்டவில்லை. அண்ணன் நாற்காலியிலேயே இருந்தார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கேட்டார்.

"குடியில்ல. சூதில்ல. கண்ணு மூக்கெல்லாம் நல்லாத்தான இருக்கு. அப்படி என்னட்டி அருவருப்பு ஒனக்கு? அவனும் மனுசன்தான?"

"மனுசன்தாண்ணே. அதான்."