பின்பக்கக் கண்ணாடி

என்னங்க,

நான் இங்கு நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் மரியாதை. எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். உங்கள் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இருக்கட்டும்.

சில நாளாக நீங்கள் கூப்பிட்டபடியே இருக்கிறீர்கள், நான் எடுக்கவில்லை. பயப்படாதீர்கள், உங்கள் பவளத் தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று பேசிவிடுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் இந்தக் காலத்தில் தபால்தலை தேடி அலைந்தேன். ஹாலில் உட்காரப் பிடிக்காமல் சமையலறை மேடையில் தாளை வைத்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பவளங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்போதும் முதலில் கேட்பது அதைத்தானே. கிளைப் பவளத்தின் நுனியெல்லாம் வெள்ளையாகப் புது வளர்ச்சி. நான் நாத்தனார் என்று பெயர் வைத்த உருண்டைப் பவளம் மறுபடி தன் வேலையைக் காட்டிவிட்டாள். விளக்கை அணைத்ததும் நீளநீளமாகக் கையை நீட்டிப் பக்கத்திலிருந்த சின்னதைச் சுட்டுவிட்டாள். அதன் ஒரு பக்கம் சதை போய் வெறும் எலும்பு தெரிகிறது. தள்ளி வைத்திருக்கிறேன், தேறிவிடும். உப்பு சரியாக இருக்கிறது, சூடும் சரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த கை அல்லவா, தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும்போது மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் சிவப்பாகும் இடத்தை இன்னும் தவறவிடவில்லை.

பையில் தண்ணீரோடு ஒரு கல்லைக் கொண்டுவந்து, இதற்கு உயிர் இருக்கிறது, வாய் இருக்கிறது என்று நீங்கள் காட்டியபோது நான் சிரித்தது நினைவிருக்கிறதா? இப்போது யாராவது அதைக் கல் என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று, "உன்னை நம்பித்தான் இதை விட்டுட்டுப் போறேன்" என்று சொன்னீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவ்வளவு பெரிய வார்த்தை நீங்கள் சொன்னதில்லை. மனம் குளிர்ந்துபோனேன்.

அதனால்தான் நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் அப்படியே செய்தேன். ஆவியான தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது என்றீர்கள், சரி. பின்பக்கக் கண்ணாடியின் நடுவில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு பொட்டுப் பாசி இருக்கக் கூடாது, வெளிச்சம் திரும்பிப் பட்டால்தான் பவளம் வளரும் என்றீர்கள், அதற்கும் சரி. அங்கே படிகிற அந்த இளஞ்சிவப்புப் பாசி சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும். தோள்வரை கையை விட்டு, பிளேடால் வாராவாரம் சுரண்டினேன். விரலில் கீறல் இருந்தால் உப்புத் தண்ணீர் உயிரை எடுக்கும். உங்களிடம் அதைச் சொன்னதுகூட இல்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்ததே, அப்போது சுரண்ட முடியவில்லை. நீங்கள் தினமும் கூப்பிட்டீர்கள். மாத்திரை போட்டாயா என்று கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். "பின் கண்ணாடியைச் சுரண்டினியா?" என்றுதான் கேட்டீர்கள். மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாள் கத்தினீர்கள். பவளமெல்லாம் நன்றாக விரிந்திருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. எழுந்து நிற்கத் தெம்பில்லாத நிலையிலும், பாவம், அக்கறையில் கத்துகிறார் என்று நானே உங்களுக்காக வாதாடிக்கொண்டேன்.

காய்ச்சல் விட்டதும் தொட்டிக்கு உப்பு வாங்க வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். நல்ல பிளேடு இருக்கிறதா, பின் கண்ணாடி சுரண்ட வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "பின்னாடியாம்மா? அதை யாரு பாக்கப்போறா? அந்தப் பாசி படர்ந்தா தொட்டிக்கு நல்லதுதான், விடுங்க. நாங்க யாரும் முன் கண்ணாடியைத் தவிர எதையும் தொடுறதில்லை" என்றார். எங்கள் வீட்டுக்காரர் காரணமில்லாமல் சொல்ல மாட்டார் என்று அவரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சொன்னது சரிதான். காரணம் இருந்தது.

தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டினீர்களே, கரண்ட் போனால் உங்களுக்குத் தகவல் தரும் என்று. வீட்டுக்கு வந்ததும் கன்னத்தைச் சுவரில் அழுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கேமரா. அதற்கு நேர் எதிரே, நான் சுரண்டிச் சுரண்டி வைத்த அந்த இரண்டு கை அகலம். அதற்கப்பால் தண்ணீர், தண்ணீருக்கப்பால் நம் ஹால் சோபா. நானே சுரண்டிக் கொடுத்த ஜன்னல் வழியாக நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். மீன் குறுக்கே போகும்போதெல்லாம் உங்களுக்கு எரிச்சலாக இருந்திருக்குமே!

பவளத்தைப் பார்க்கத்தான் வைத்தேன் என்பீர்கள். எதிரில் அலமாரி இருக்கிறது, அதில் வைத்திருந்தால் பவளம் இன்னும் நன்றாகத் தெரியும். நானே பிடித்து ஒட்டியிருப்பேனே. ஏன் என்னிடம் மறைத்தீர்கள்? பழைய பம்ப் உறுமுகிறது, உனக்குத் தலைவலி வரும் என்று சத்தமே இல்லாத பம்ப் வாங்கி அனுப்பினீர்களே, அது ஹாலில் நான் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கத்தான் என்றும் இப்போது புரிகிறது. அதைக் காணும் ஆளிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நீங்கள் மேய்ந்தபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான்.

இதையெல்லாம்கூட, தனியாக இருப்பவளைப் பற்றிய பயம், சந்தேகம், ஆண்பிள்ளைப் புத்தி என்று ஏதோ சொல்லி ஒருநாள் விழுங்கியிருப்பேன். அக்கா விஷயத்தை எப்படி விழுங்குவது?

பரிசோதனைக் கூடத்தில் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டதை நான் அந்த சோபாவில் உட்கார்ந்து அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். அன்று மாலையே நீங்கள் கூப்பிட்டு, "வேலைக்குக் கிளம்பிட்டியாமே?" என்றீர்கள். யார் சொன்னது என்று கேட்டேன். "உன் கூடப் பிறந்தவளையே கேளு" என்றீர்கள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னீர்கள்! நான் கேட்டேன். கேட்கக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிக் கேட்டேன். "நான் ஒரு வார்த்தை சொல்லலடி, என்னை நம்பு" என்று அவள் அழுதாள். எனக்கு அக்காவே இல்லை என்று சொல்லி போனை வைத்தேன். வேலையையும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். யாரும் துணையில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அது எனக்குத் தெரிந்தும் நான் போகவில்லை. நான் போகவில்லை என்பது உங்களுக்கும் தெரியும். நான் சோபாவில் உட்கார்ந்து அழுததையும் பார்த்திருப்பீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்களுக்கு மனசாட்சி என்று ஒன்று கிடையாதா?

வயரைப் பிடுங்கி, பெட்டியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குத்தான் போனேன். கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். தட்டில் டம்ளர் வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒரே டம்ளரில் எச்சில் பார்க்காமல் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன், காலைப் பிடித்தேன். அவள் திட்டவில்லை. "நான் வாய்விட்டுச் சொன்னப்போ நம்பல. இந்த டப்பாவைப் பாத்துட்டு நம்பிட்டு வந்திருக்கே" என்று மட்டும் சொன்னாள். பிறகு வயிற்றைப் பிடித்தபடி மெதுவாக எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

பரிசோதனைக் கூடத்தில் மறுபடி போய்க் கேட்டேன். மாலை நேரத்துக்கு ஆள் வேண்டுமாம், வருகிற திங்கள்கிழமை சேர்கிறேன். இதை ஹாலில் யாரிடமும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பவளங்களைப் பட்டினி போட மாட்டேன், அவை என்ன பாவம் செய்தன? நீங்கள் வந்தால் எடுத்துப் போகலாம். எங்கே எடுத்துப் போவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டாம். கேட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, அதனால் கேட்காதீர்கள். அக்காவைக் கூப்பிடுங்கள். அன்று அவள் எதுவும் சொல்லவில்லை, நீங்கள்தான் ஒட்டுக்கேட்டீர்கள், பழியை அவள் தலையில் போட்டீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் அது சமாதானம் பேசுவதாகத்தான் இருக்கும். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். போனை வைத்துவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள். உங்களிடம் நான் கடைசியாகக் கேட்பது இது ஒன்றுதான், மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். யாரும் பார்க்காத இடத்திலும் நீங்கள் நல்லவராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா இன்னும் ஏற்றுக்கொள்ளாத தங்கை