நீல நாடா

தூத்துக்குடி
7-8-1946

இனிகோவின் அம்மாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு ஆலந்தலைக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

நம் சகோதர சபைக்குப் பதினெட்டு வருஷம் ஊர் ஊராக அலைந்து கிளைகளைக் கட்டியவன் நான். திருச்சி மாநாட்டில் மாகாணத் தலைவர் பதவிக்கு என் பெயரைச் சொன்னார்கள். சொந்தக் கிளையிலிருந்து ஒருவர் எழுந்து ஆதரிக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தில் இருந்த உன் அண்ணன் அசையவில்லை. கடைசியில் அவரே தலைவரானார். "மாப்ள, ஒமக்கு எழுத்து வரும், ஆளு வராது" என்று எல்லோர் முன்னும் சிரித்தார்.

"அண்ணன் சொன்னதுல என்ன தப்பு?" என்று நீயும் கேட்டாய். அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் பதவியேற்கிறார். தலைவருக்குப் பதக்கம் அணிவிக்க வேண்டியவர் அவருடைய கிளைச் செயலாளர், அதாவது நான். கீழவைப்பார்க் கிளைக்காரர்கள் வந்து, "நீரு போவாதேயும் அண்ணாச்சி, சபை ரெண்டாவட்டும்" என்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

பதக்கம் என்னிடம்தான் இருக்கிறது. அதன் நீல நாடாவை நீ போன அன்று நான் அறுத்துவிட்டேன். தையல்காரனிடம் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். எனக்குத் தைக்கத் தெரியாது.

சனிக்கிழமைக்குள் வா. ஊசியும் நூலும் நீ வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் தகப்பன்