சலவை நிலையத்தைச் சிப் தொழிற்சாலையாகக் காட்டிப் பங்கு விற்பது குறித்து

அனுப்புநர்:
சலவை நிலைய உரிமையாளர்,
மருத்துவமனைப் பின்வாசல் எதிரில்.

பெறுநர்:
கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
முதலீட்டாளர் குறைதீர் பிரிவு,
பங்குச் சந்தை ஒழுங்குமுறை அலுவலகம்.

பொருள்: முதலீட்டாளர்களுக்கான சிப் நிறுவன அறிமுக நூலில் என்னைத் "தலைமை விஞ்ஞானி" என்று அச்சிட்டிருப்பது – பங்கு விற்பனையை உடனே நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. மருத்துவமனைப் போர்வைகளையும் அறுவைச் சிகிச்சை உடைகளையும் துவைத்துக் கொடுப்பது என் தொழில். சிப் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கைபேசிக்குள் இருக்கும் என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் இத்துடன் இணைத்துள்ள நூலின் ஒன்பதாம் பக்கத்தில், தலை முதல் கால் வரை வெள்ளை உடை போர்த்திக் கண் மட்டும் தெரிய நிற்கும் "தலைமை விஞ்ஞானி" நான்தான். வலப்புறம் நிற்கும் "ஆய்வுப் பிரிவு இயக்குநர்" என் மனைவி. பின்னால் குனிந்து எதையோ ஆராய்பவர் எங்கள் இஸ்திரி மாஸ்டர். அவர் ஆராய்வது தலையணை உறை. நிறுவனத்தின் பெயர் அட்டையிலேயே பெரிதாக உள்ளது. அதை என் கையால் எழுத மனம் வரவில்லை.

2. சென்ற மாதம் அந்நிறுவனத்தின் விளம்பர மேலாளர் ஒரு மூட்டை புத்தம் புதிய வெள்ளை உடைகளைக் கொண்டுவந்து, கடை மடிப்புப் போகும்படி ஒருமுறை துவைத்துத் தரச் சொன்னார். வாங்கிப்போக வந்தபோது எங்கள் மடிப்பு அறையை எட்டிப் பார்த்தார். அறுவைச் சிகிச்சைத் துணிகள் புழங்கும் இடம் என்பதால் அதைத் தூசு தும்பு இல்லாமல் வைத்திருப்போம். "அண்ணே, இவ்ளோ சுத்தமான எடத்த நான் பாத்ததே இல்ல. இந்த டிரஸ்ஸப் போட்டுக்கிட்டு சும்மா நில்லுங்க, எங்க ஆளுங்களுக்குக் காட்ட ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றார். பாராட்டில் உச்சி குளிர்ந்து நின்றோம். அவருடன் வந்தவர்கள் குழல்விளக்கில் மஞ்சள் காகிதம் ஒட்டினார்கள். ஏன் என்று கேட்டேன். அழகுக்கு என்றார்கள். சிப் தொழிற்சாலையில் மஞ்சள் விளக்குதான் எரியுமாம், பிறகுதான் தெரிந்தது.

3. பதினோராம் பக்கத்தில் வட்டக் கதவுடன் இருக்கும் "அதிநவீன சிப் தயாரிப்பு இயந்திரம்" எங்கள் துணி உலர்த்தும் இயந்திரம். கதவுக் கண்ணாடியில் விரிசல் விட்ட இடத்தில் என் மனைவி ஒட்டிய நீல டேப்பைக்கூட அவர்கள் மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்காவது கொஞ்சம் பயம் இருக்கும். தொழிற்சாலை என்று நூலில் போட்டிருக்கும் முகவரிக்கு நேரில் போனேன். வெறும் பொட்டல். ஒரு பெயர்ப் பலகை. அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது.

4. இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் என் அக்கா அந்த நூலைப் படித்துவிட்டார். காலமான அத்தான் ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டிக் கட்டிய வீட்டை விற்று, அந்தப் பணத்தில் இந்தப் பங்கை வாங்கப் போகிறார். வரும் வியாழக்கிழமை பத்திரப் பதிவு. வெள்ளிக்கிழமை பங்கு வாங்கக் கடைசி நாள். அத்தானும் இல்லை, வீடும் போனால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

5. ஓடிப்போய்ப் படத்தைக் காட்டி, இது நான் என்றேன். அக்கா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கண்ணு உன்ன மாதிரிதான்டா இருக்கு. ஆனா இவரு படிச்சவரு, பாத்தாலே தெரியுது." அந்த உடை நான் துவைத்தது என்று சத்தியம் செய்தேன். "நான் நல்லா இருந்துடுவேன்னு உனக்கு வயித்தெரிச்சல்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அன்று முதல் என் போனையும் எடுப்பதில்லை.

6. நேற்றுத் தங்கள் அலுவலகத்திற்கு வந்தேன். முகப்பில் இருந்தவர், நீங்கள் முதலீட்டாளரா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப புகார் குடுக்க முடியாதுங்க. ஒரு பங்காவது வாங்கிட்டு வாங்க" என்றார். ஐயா, இது எந்த ஊர் நியாயம்? திருடன் வருகிறான் என்று சொல்ல வந்தவனிடம், முதலில் அவனிடம் பறிகொடுத்துவிட்டு வா என்பதா? போதாக்குறைக்கு அவரே நூலில் என் படத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நல்லா ஏறும்னு சொல்றாங்களே, உள்ள இருக்கிறவரு நீங்க, உண்மையா?" என்று என்னிடம் விசாரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. மரியாதை கருதித் திரும்பிவிட்டேன்.

7. ஆகவே, வியாழக்கிழமைக்குள் ஓர் அதிகாரியை எங்கள் நிலையத்துக்கு அனுப்பி, படத்தையும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இந்தப் பங்கு விற்பனையை நிறுத்த வேண்டுகிறேன். நாங்கள் மூவரும் அதே இடத்தில் அதே மாதிரி நின்று காட்டத் தயார். உத்தரவு பிறப்பிக்க நாளாகும் என்றால், பதிவுக்குப் போகவேண்டாம் என்று என் அக்காவுக்கு மட்டுமாவது அலுவலக முத்திரையுடன் ஒரு வரி எழுதுங்கள். முகவரியைப் பின்புறம் குறித்துள்ளேன். தம்பி பேச்சை நம்பாதவர், முத்திரையை நம்புவார். நான்தான் காரணம் என்று தெரிந்தால் என்னைத் திட்டுவார். ஆயுளுக்கும் என்னோடு பேசாமல் இருக்கட்டும் ஐயா. தன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.

இடம்: சலவை நிலையம்
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் அலுவலரின் வரவை வாசலில் நின்று எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
சலவை நிலைய உரிமையாளர்
(எந்த நிறுவனத்திலும் விஞ்ஞானி அல்ல)