மன்னித்தேன் என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

லிஸ்பனிலிருந்து லிஜா எழுதுகிறேன். நான் சுகம். உங்களுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? அம்மாவின் கால் வீக்கம் வற்றியதா?

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அபிலியோவுக்குத் தொண்ணூறு வயது. திங்களன்று சூப் கொடுக்கும்போது, இருபத்தொரு வயதில் கோவா எல்லையில் போர்த்துகீசியப் பட்டாளத்தில் இருந்ததாகச் சொன்னார். விடுதலை கேட்டு வெறுங்கையோடு பாடிக்கொண்டு வந்தவர்களைச் சுட்டாராம். என் கையைப் பிடித்து, "நீ இந்தியாக்காரி, என்னை மன்னிப்பாயா?" என்று அழுதார். "மன்னித்தேன்" என்று சொல்லி அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

அப்படிப் போனவர்களில் ஒருவர்தானே உங்கள் அப்பா, நம் தாத்தா. "திருப்பி அடிக்கப்பிடாதுண்ணு சத்தியம் பண்ணிட்டாக்கும் போனோம், மக்கா" என்பாரே. முழங்காலில் குண்டு பட்டு, சாகும்வரை பாறசாலை சர்ச்சில் முட்டுப்போட முடியாமல் நின்றே ஜெபித்தவர். அவருக்காக மன்னிக்க நான் யார், அப்பா? அந்த மனுஷனை வெறுக்கவும் எனக்கு முடியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

நேற்று அவரிடம் எல்லாம் சொன்னேன். "மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. அப்பாவிடம் கேட்கிறேன்" என்றேன். தாத்தாவின் பெயரைக் கேட்டார். ஞானாபரணம் என்றேன். நாக்கு புரளாமல் அதையே சொல்லிப் பழகுகிறார்.

அம்மாவிடம் கொஞ்சம் நல்லமிளகுப் பொடி அனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை.

அவருக்கான பதிலை நீங்களே எழுதுங்கள். எதுவானாலும் அப்படியே அவர் பாஷையில் வாசித்துக் காட்டுவேன். கூப்பிடுகிறார், வாறேன்.

உங்கள் மகள்,
லிஜா