திட்டு டைரி

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, பாப்பாவுக்குச் சளி விட்டதா என்றெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். நீதான் எடுக்கவில்லையே! அதனால்தான் போனில் ஒற்றை விரலால் தட்டி இதை அனுப்புகிறேன்.

டைரி எழுதினால் மனசு லேசாகும் என்று சொன்னதே நீதான். நாளெல்லாம் டைல்ஸ் ஒட்டி வெடித்த விரலில் பேனா நிற்குமா? அதனால் போனில் பேசிப் பதிவு செய்தேன். 'எழுந்தேன், சாப்பிட்டேன்' என்பது இரண்டே நாளில் அலுத்துவிட்டது. பிறகு தினம் ஒருவரைத் திட்டுவது என்று வைத்துக்கொண்டேன். அதன்பின் ஒருநாளும் விட்டுப்போகவில்லை. மேஸ்திரியைத் திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டையைத் திட்டினேன். முந்தாநாள் உன் அண்ணன் முறை. அது கை பட்டு நம் குடும்பக் குரூப்புக்குப் போய்விட்டது. உன் சித்தப்பா அதற்குச் சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருக்கிறார்.

அதற்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா? "எங்க அண்ணனப் போய் ஓசிச்சோறுன்னு எப்படிச் சொல்லலாம்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாயே, அந்த அண்ணன் என் பைக்கை எடுத்துப்போய் இடித்து, அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாரே, அதை யார் கேட்பது? மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். முதலில் பைக்கைச் சரிசெய்யச் சொல்.

விரல் வெடிப்புக்குக் களிம்பு அனுப்பு. பாப்பாவைப் பேசவைத்து அதையும் அனுப்பு. குரூப்பில் வேண்டாம், எனக்கு மட்டும்.

நேற்று உன் முறை. ஆத்திரத்தோடுதான் பட்டனை அழுத்தினேன். திட்ட வாய் வரவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. போனை எடு.