பாத்தியின் நிறம்

அன்புள்ள அப்பா,

போனில் சொன்னால் உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

"நீட் எழுதப் போறவ பிசியாலஜிதாண்டி எடுக்கணும்" என்றாள் என் அறைத்தோழி பிரிசில்லா. நான் கடல் நுண்ணுயிரியல் எடுத்தேன்.

உப்பு விளையுமுன் நம் மரக்காணம் பாத்தியில் தண்ணீர் இளஞ்சிவப்பாகுமே, அதில் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்த நிறம் முழுக்க உயிர்கள், அப்பா. சாயங்கால வானத்துக்குள்ளே நானும் மிதப்பதுபோல இருந்தது. வகுப்பு முடிந்து மணி அடித்ததுகூடக் கேட்கவில்லை.

ஞாயிறு பூசையில் என் டாக்டர் சீட்டுக்காக மன்றாடும்படி பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறீர்களாம். இந்த வாரம், விளைந்த உப்பு கரையாதபடி மழை தள்ளிப்போக மன்றாடச் சொல்லுங்கள். அது போதும்.

நீங்கள் இன்னும் 'டாக்டரம்மா' என்றே கூப்பிடும்,
உங்கள் மகள்