தீடாக் லாயாக்

6, திங்கள்
காலையிலிருந்து தூறல். கூலிம் போகும் கம்பெனி பஸ் தாமதம். கேண்டீன் டிவியில் பட்ஜெட் செய்தி. கணக்குப் பிரிவு சுமதி சாப்பிட்டுக்கொண்டே விளக்கினாள். நல்ல வருஷமோ கெட்ட வருஷமோ, நாட்டுக்கு வரவைவிடச் செலவுதான் அதிகம். அமைப்பிலேயே ஊறிப்போன பற்றாக்குறையாம். அதைக் குறைக்க, இனி எல்லாருக்கும் மலிவுப் பெட்ரோல் கிடையாது. நீல அடையாள அட்டையான ஐசியும் ஓட்டுநர் லைசென்ஸும் உள்ள குடிமக்களுக்கு மட்டும். நியாயம்தான் என்று தலையாட்டினேன். பிறகுதான் என் வீட்டுக்காரர் ஞாபகம். இதே மலேசியாவில், லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் சரியில்லாததால் இன்னும் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லை.

8, புதன்
வெயில். வாங்க: தக்காளி, கருவாடு, சாம்பிராணி.
இவர் புல் வெட்டும் வேலைக்குப் போகாமல் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். பெட்ரோல் நிலையத்தில் ஐசியைச் செருகியதும் திரையில் ‘தீடாக் லாயாக்’ என்று வந்ததாம். தகுதியில்லை என்பதற்கு மலாயில் அப்படித்தான். நம் காதில் வேறு மாதிரியல்லவா விழுகிறது.
“மெஷினுகூட என்னை லாயக்கில்லாதவன்னு சொல்லிருச்சுலா,” என்று சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரித்திருக்கக் கூடாது. முழு விலைக்குப் போட்டிருக்கலாம், ரோஷம் விடவில்லை. டீ ஆறிப்போயிற்று, தொடவே இல்லை.

10, வெள்ளி
லீவு. யோசித்து முடிவு செய்தாச்சு. என்னிடம் நீல ஐசி இருக்கிறது, லைசென்ஸ்தான் இல்லை. நாற்பத்தொன்பது வயதில் எடுக்கப் போகிறேன். நாட்டுப் பற்றாக்குறை குறையட்டும், இவர் மானம் குறையக் கூடாது. ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்தாச்சு. மாலையில் கோயில் திடலில் இவரே வாத்தியார். இரண்டு முறை விழுந்தேன். முழங்காலில் ஊதி ஊதி மருந்து போட்டுவிட்டார். இந்த மனுஷனையா அந்த மெஷின் அப்படிச் சொன்னது?

அடுத்த மாதம் 20, வியாழன்
மழை விட்டதும் டெஸ்ட். ஒடுக்கமான பலகைப் பாலத்தில் ஓட்டும்போது காலே ஊன்றவில்லை. பாஸ். வேலிக்கு வெளியே நின்ற இவர்தான் முதலில் கைதட்டினார்.

25, செவ்வாய்
மேகமூட்டம். லைசென்ஸ் கையில். தக்காளி மறுபடியும் தீர்ந்துவிட்டது.
நான் ஓட்ட, இவர் பின்னால். வழியெல்லாம் மெதுவாக, மெதுவாக என்று ஒரே பாட்டு. பெட்ரோல் நிலையத்தில் என் ஐசியைச் செருகினேன். படிக்கும் கண்ணாடி எடுத்துப் போகவில்லை. திரையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.
“லாயாக்,” என்று படித்தார். பிறகு குரலைத் தணித்து, “அது எனக்கு இருவத்தாறு வருசமாத் தெரியும்லா, பார்வதி.”
தக்காளி வாங்காமலே வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.